தாத்தாவின் பெட்டியில் ஓவியர்களின் பழைய கடிதங்கள்: விலை மதிப்பிடுவது எப்படி?

காவேரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழித் தாத்தா 1930களின் பிற்பகுதியில் சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். பிறகு தஞ்சை மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றார். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அவருடைய தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் தூரிகைகள், நிப்புகள், பள்ளி வருகைப் பதிவேடு ஆகியவற்றோடு, சணல் கயிற்றால் கட்டிய நாற்பதுக்கும் மேற்பட்ட கடிதங்களும் அஞ்சலட்டைகளும் இருந்தன.

பெரும்பாலானவை அவருடன் படித்த நண்பர்கள் எழுதியவை. அவர்களில் யாரும் பெரிதாகப் பெயர் பெற்றதாகத் தெரியவில்லை. சில கடிதங்கள் ஆங்கிலத்தில், பின்னாளில் அந்தப் பள்ளிக்கே முதல்வரான ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் கையொப்பத்துடன் உள்ளன. தட்டச்சு செய்யப்பட்ட இரண்டு தாள்களில் அப்போதைய பள்ளித் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கையொப்பம் இருக்கிறது. இவை தவிர, கருப்பு மையில் தூரிகையால் படம் வரைந்த இரண்டு அட்டைகள் உள்ளன. ஒன்றில் காளை, மற்றொன்றில் குடம் சுமக்கும் பெண். இரண்டிலும் வங்க எழுத்தில் சிறிய கையொப்பம். தாத்தா 1943இல் சில மாதங்கள் சாந்திநிகேதனில் தங்கியிருந்ததால், இவை அங்கே ஆசானாக இருந்த ஓவியர் நந்தலால் போஸ் அனுப்பியவை என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். படம் வரைந்த அட்டைகளையும் பணிக்கர் கடிதங்களையும் மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், மற்றவை வெறும் காகிதம் என்றும் சொல்லி, மொத்தமாக ஒரு தொகை பேசினார். என் பெரியம்மா மகனோ, தாகூர் கடிதங்கள் அண்மையில் கோடிக்கணக்கில் ஏலம் போயின, அவசரப்படாதே என்கிறார். இத்தகைய கடிதங்களுக்கு எதை வைத்து விலை சொல்கிறார்கள்? யாரிடம் கேட்பது? விற்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தாளும்மையும்:

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, உங்கள் அண்ணன் சொன்ன செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். அது உண்மைதான். 2025 ஜூன் மாதம் அஸ்தகுரு நிறுவனம் நடத்திய ஏலத்தில், சமூகவியலாளர் துர்ஜடி பிரசாத் முகர்ஜிக்கு ரவீந்திரநாத் தாகூர் எழுதிய 35 கடிதங்களும் 14 உறைகளும் ஒரே தொகுப்பாக ஏறத்தாழ 5.9 கோடி ரூபாய்க்குப் போயின. இந்தத் தொகையை 35ஆல் வகுத்து, ஒரு தாகூர் கடிதம் பதினேழு லட்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு தவறானது. 1927 முதல் 1936 வரை ஒரே மனிதருக்கு, அவரும் தம் துறையில் பெயர் பெற்றவராக இருக்க, தொடர்ச்சியாக எழுதிய கடிதங்கள் உறைகளோடு சிதறாமல் வந்ததற்குக் கிடைத்த விலை அது. அதிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி விற்றிருந்தால், நலம் விசாரிக்கும் நான்கு வரிக்கு நான்கு வரிக்கான விலைதான் கிடைத்திருக்கும்.

ஓவியர்களின் கடிதங்களில் முதலில் பிரித்தறிய வேண்டியது, கையில் இருப்பது கடிதமா, கடிதத்தில் அமர்ந்திருக்கும் ஓவியமா என்பதே. நந்தலால் போஸ் அஞ்சலட்டைகளில் வரைந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பும் பழக்கம் உள்ளவர் என்பது பலரும் அறிந்தது. அத்தகைய அட்டை உண்மையானதாக இருந்தால் அதைக் கையெழுத்துச் சேகரிப்பவர் மட்டுமல்லாமல் ஓவியம் வாங்குகிறவரும் கேட்பார். விலையும் சிறிய ஓவியத்தின் விலையாகவே பேசப்படும். படம் இல்லாத கடிதத்திற்கு அந்தச் சந்தை இல்லை. அதற்கு விலை வருவது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்துதான்.

ஆகவே பணிக்கர் கடிதங்களைக் கையொப்பத்தை மட்டும் பார்த்து எண்ண வேண்டாம், உட்கார்ந்து வாசியுங்கள். ‘தங்கள் கடிதம் கிடைத்தது, பொங்கல் வாழ்த்துகள்’ என்ற அளவில் இருந்தால் அதைக் கையொப்பம் உள்ள தாள் என்றே சந்தை பார்க்கும். 1944இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம், 1957இல் அவர் பள்ளியின் முதல்வரானது, 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களைத் தொடங்கியது, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது ஆகியவற்றில் எதைப்பற்றியாவது அவர் தம் கைப்பட ஒரு பத்தி எழுதியிருந்தால் அதே தாளின் நிலையே வேறு. மாணவர்கள் பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) செய்து விற்று அந்தக் கிராமத்துக்கு மனை வாங்கியதைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால், அந்த நாளிலேயே ஒரு பழைய மாணவருக்கு அவர் எழுதிய கவலையோ கணக்கோ கிடைத்தால், அதை வாங்கச் சேகரிப்பாளரும் வருவார், ஆய்வாளரும் வருவார்.

ராய் சௌத்ரியின் தட்டச்சுத் தாள்களை இந்த வரிசையில் கீழே வைக்கிறேன். 1929 முதல் 1957 வரை அந்தப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர், மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்பதில் அவருடைய பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளி முகப்புத் தாளில் குமாஸ்தா தட்டச்சு செய்து, தலைவர் கையொப்பமிட்ட நன்னடத்தைச் சான்றிதழ்கள் நிறையவே எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில் அவர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு வரி சில வேளைகளில் தட்டச்சு செய்த முழுப் பக்கத்தைவிட மதிப்புடையது.

இனி, அந்த வியாபாரி ‘வெறும் காகிதம்’ என்று ஒதுக்கிய நண்பர்களின் கடிதங்கள். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பெயரற்ற நண்பர் ஒருவர் 1943இல் ‘சாந்திநிகேதன் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, மாஸ்டர் மோஷாய் (நந்தலாலை மாணவர்கள் அழைத்த பெயர்) அட்டையில் படம் வரைந்து தருவாராமே’ என்று உங்கள் தாத்தாவுக்கு எழுதியிருந்தால், அந்தச் சாதாரணக் கடிதம் அந்த இரண்டு அட்டைகளுக்கும் சாட்சி. தாத்தா அங்கே இருந்தார், அவரிடம் அந்த அட்டைகள் வருவதற்கு வழி இருந்தது என்பதை வேறு எப்படி நிறுவுவீர்கள்? வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த நம்பிக்கைக்குத்தான். கட்டைப் பிரித்துச் சாட்சியை எடைக்குப் போட்டுவிட்டால், மீதியுள்ள அட்டை எங்கிருந்தோ வந்த அட்டை ஆகிவிடும். அந்த வியாபாரி தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் அவர் ஒதுக்கியவற்றையும் சேர்த்தே உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்; அந்தச் சணல் கயிற்றைக்கூடத் தூக்கி எறிய வேண்டாம்.

படம் வரைந்த அட்டைகளின் உண்மைத் தன்மையைப் பற்றி இப்போதே யாரும் உறுதி சொல்ல முடியாது. வங்கக் கலைஞர்களின் பெயரில் போலிகள் மிகுதி. 2011இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியங்களே போலி என்று பின்னர் ஆய்வில் தெரியவந்தது என்றால், நம் வீட்டுப் பெட்டி எம்மாத்திரம்? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, நல்ல வெளிச்சத்தில், அஞ்சல் முத்திரையின் மையும் தூரிகைக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரை படத்தின் மேல் ஏறியிருந்தால், அட்டை தபாலில் போவதற்கு முன்பே படம் அதில் இருந்தது என்று பொருள். படத்தின் கோடு முத்திரையின் மேல் ஏறியிருந்தால், யாரோ பழைய அட்டையை வாங்கிப் பின்னாளில் வரைந்திருக்கிறார்கள். எழுத்து வரிகள் படத்திற்கு இடம் விட்டு வளைந்து செல்கின்றனவா, அல்லது வரிகளுக்கு நடுவே கிடைத்த வெற்றிடத்தில் படம் திணிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

வில்லிவாக்கம்72:

நான் தபால் தலை சேகரிப்பவன். ஓவியம் பற்றி எதுவும் தெரியாது. காலத்தைச் சரிபார்க்க மட்டும் உதவ முடியும்.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879இல் கால் அணாவுக்கு வந்தது. 1922இல் அரை அணாவானது. 1931இன் இறுதியில் ஒன்பது தம்படி, அதாவது முக்காலணா ஆனது. உங்கள் தாத்தா சாந்திநிகேதனில் இருந்ததாகச் சொல்லும் 1943இலும் அதே ஒன்பது தம்படிதான். அட்டையிலேயே அச்சான தலையின் மதிப்பு இதைவிடக் குறைவாக இருந்தால், மீதிக்குத் தனியாகத் தலை ஒட்டியிருக்க வேண்டும். இன்லண்ட் லெட்டர் 1950இல்தான் அறிமுகமானது. அதற்கு முந்தைய தேதியிட்ட இன்லண்ட் உங்கள் கட்டில் இருந்தால் தேதி பொய். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. முத்திரையில் ஊர்ப்பெயர், தேதி, மணி மூன்றும் தெரிகிறதா என்று பாருங்கள். அந்நாளில் சேருமிடத்திலும் முத்திரை குத்துவது வழக்கம் என்பதால் இரண்டு முத்திரைகள் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு வேண்டுகோள்: தலைகளை நீரில் ஊறவைத்தோ நீராவி காட்டியோ எடுத்துவிடாதீர்கள். என் கூட்டத்தார் செய்த பாவங்களில் பெரியது அதுதான். உறையோடு இருக்கும் தலைக்கும் கடிதத்துக்கும் உள்ள உறவை அறுத்தால் இரண்டுக்கும் நஷ்டம்.

காவேரிக்கரை:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு பொறுமையாகப் பார்த்தேன். காளை வரைந்த அட்டை அச்சிட்ட தலை உள்ள சர்க்கார் அஞ்சலட்டைதான். ஒன்பது தம்படி என்றே இருக்கிறது. தாத்தாவின் முகவரியும், வங்க எழுத்தில் இரண்டு வரிச் செய்தியும் உள்ளன. சேருமிடத்து முத்திரை தவறிப் போய்ப் படம் உள்ள பக்கத்தின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காளையின் வால் கோட்டின் மேல் முத்திரையின் வட்டம் ஏறியிருப்பது போலத் தெரிகிறது.

குடம் சுமக்கும் பெண் உள்ள அட்டையில் முகவரியே இல்லை, பின்பக்கம் வெறுமையாக உள்ளது. கீழே ஆங்கிலத்தில் 1943 என்று எழுதியிருக்கிறது. எங்கள் கடைக் கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழ் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். காளை அட்டை மங்கலாகவே இருந்தது. இந்த அட்டையோ வெளுத்த வேட்டி போல நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. இதற்கு என்ன அர்த்தம்?

தாளும்மையும்:

ஊதா விளக்கு யோசனை எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நல்ல காரியம் செய்தீர்கள். காகிதத்தை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வுப் பொருள்கள் காகித ஆலைகளில் பரவலானது ஏறத்தாழ 1950க்குப் பிறகுதான். எனவே அப்படி ஒளிரும் தாளில் 1943இல் யாரும் வரைந்திருக்க வாய்ப்பில்லை. நந்தலால் போஸ் 1966 வரை வாழ்ந்தவர் என்பதால் படத்தை அவர் வரையவே இல்லை என்று இந்தச் சோதனை சொல்லாது. அந்தத் தேதி அந்தத் தாளுக்குரியதல்ல என்பதை மட்டுமே சொல்லும். அட்டையைச் சோப்புத் தூளில் வெளுத்த துணியில் சுற்றி வைத்திருந்தாலும் மேற்பரப்பு சற்று ஒளிரலாம். ஆனால் ஓரம், நடு, பின்பக்கம் என எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒளிர்ந்தால் அது தாளின் குணமே.

இதை உடனே மோசடி என்று எண்ணிவிடாதீர்கள். டிராயிங் மாஸ்டர்கள் தம் ஆசான்களின் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துப் பழகுவதும், மூலத்தில் உள்ள கையொப்பத்தையும் தேதியையும் சேர்த்தே எழுதிவைப்பதும் அந்தக் காலத்தில் சாதாரணம். மூல அட்டை வேறெங்கோ போய், தாத்தா நினைவுக்காக வரைந்து வைத்துக்கொண்ட பிரதியாக இது இருக்கலாம். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இருந்தால் கோட்டின் ஓட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிரதி எடுக்கும் கை கோட்டின் நடுவில் தயங்கும், மை அங்கங்கே சற்றுத் தேங்கும். தானாக வரையும் கை ஒரே மூச்சில் போகும்.

காளை அட்டை வேறு விஷயம். அதை இனிக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டாதீர்கள். அந்த இரண்டு வங்க வரிகளை வங்கம் அறிந்தவரிடம் படிக்கக் கொடுங்கள். அட்டையை அல்ல, நல்ல ஒளியில் ஸ்கேன் செய்த படத்தை. கையெழுத்தையும் கோட்டையும் ஒப்பிடத் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நந்தலால் போஸின் ஏறத்தாழ ஏழாயிரம் படைப்புகள் உள்ளன. அவரை ஆராய்ந்தவர்களிடம் கருத்துக் கேட்பதுதான் வழி. விற்பவர் தாமே எழுதிக்கொடுக்கும் ‘உண்மைச் சான்றிதழ்’ எதற்கும் ஆகாது.

விலைச் சான்றிதழும் அப்படித்தான். பிரான்சில் அரிஸ்டோஃபில் என்ற நிறுவனம் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பங்குகளாகப் பிரித்து ஏறத்தாழ 18,000 முதலீட்டாளர்களுக்கு விற்றது. விலை ஏறிக்கொண்டே போகும் என்ற மதிப்பீடுகளும் அதற்கேற்ப இருந்தன. 2015இல் நிறுவனம் கலைக்கப்பட்டு, சேகரிப்பு 2017இலிருந்து ஏலத்துக்கு வந்தபோது பல பொருள்கள் முதலீட்டாளர்கள் கொடுத்த விலைக்கு வெகுகீழேதான் போயின. ஆனால் அதே சேகரிப்பிலிருந்த ஒரு கடிதம், 1888 நவம்பரில் வான்கோவும் கோகனும் ஆர்ல் நகரிலிருந்து சேர்ந்து தம் ஓவிய நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதிய நான்கு பக்கம், 2020இல் பாரிஸில் 2,10,600 யூரோவுக்கு ஏலம் போயிற்று. ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகமே அதை வாங்கியது. இரண்டு ஓவியர்கள் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய சில நாள்களிலேயே ஒருவர் மற்றவரைப் பற்றி எழுதி, அதே தாளில் மற்றவரும் தொடர்ந்து எழுதிய கடிதம் வேறு கிடையாது. யாரோ ஒட்டிய விலைச் சீட்டு இறங்கிவிடும். கடிதத்துக்குள் இருக்கும் செய்தி எங்கும் போவதில்லை.

ஏட்டுப்பூச்சி:

ஆவணக் காப்பகம் ஒன்றில் தாள்களைப் பழுது பார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். விலை பற்றிய பேச்சில் பாதுகாப்பு மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

தகரப் பெட்டியிலிருந்து உடனே வெளியே எடுங்கள். துருவும் ஈரமும் தாளுக்கு ஆகாது. மடித்த கடிதங்களை மெல்லத் திறந்து, விறைப்பாக இருந்தால் வற்புறுத்தாமல், அமிலமற்ற தாளால் ஆன உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ தட்டையாக வையுங்கள். கடைகளில் விற்கும் மலிவான பிவிசி ஃபைல்கள் நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தம்மோடு இழுத்துக்கொள்ளும். லேமினேஷன் கூடவே கூடாது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கே பெரும்பாடு. ஃபவுண்டன் பேனாவின் நீல மை நீர் பட்டாலும் வெயில் பட்டாலும் வெளிறிவிடும். ஆகவே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டும் எண்ணம் இருந்தால் பிரதியை மாட்டுங்கள்.

பழுப்புப் புள்ளிகளைக் கண்டு பயந்து ‘சுத்தம்’ செய்யக் கிளம்பாதீர்கள். வீட்டில் வெளுப்பானும் பஞ்சும் கொண்டு சுத்தம் செய்யப்பட்ட ஒரு கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். தாள் வெண்மையாகத்தான் இருந்தது, கையொப்பம்தான் இல்லை. இராமபாணப் பூச்சி அரித்த தாளுக்கும் வாங்குபவர் உண்டு, தேய்த்துக் கெடுத்த தாளுக்கு இல்லை. அந்துருண்டையை நேராகத் தாள்களுக்கு நடுவே போட வேண்டாம்.

இன்னொன்று: பட்டியல் போடும்போது பால்பாயிண்ட் பேனாவால் கடிதத்தின் மூலையில் எண் எழுதாதீர்கள். உறையின் மேல் பென்சிலால் எழுதிய பின் கடிதத்தை உள்ளே வையுங்கள்.

மன்றாடியார்:

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். நான் வழக்கறிஞன், ஆனாலும் இது பொதுவான விளக்கமே, உங்கள் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை அல்ல.

தாத்தா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் அந்தப் பெட்டி உங்கள் ஒருவருடையது அல்ல. உங்கள் தாயார், பெரியம்மா, மாமா என எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்கு உண்டு. மதிப்பு எதுவும் தெரியாத இந்த நிலையிலேயே எல்லோரையும் உட்கார வைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் தொகை தெரிந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்குவது எந்தக் குடும்பத்துக்கும் நல்லதல்ல.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம் உங்களுக்கு இரண்டு வகையில் பொருந்தலாம். அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 ஆண்டுகளைக் கடந்திருந்தால் அது தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். மற்றப் பொருள்களுக்குத்தான் 100 ஆண்டு. 1943ஆம் ஆண்டுக் கடிதம் அந்த 75 ஆண்டைத் தாண்டிவிட்டது. இரண்டாவதாக, நந்தலால் போஸின் படைப்புகள் கலைக்கருவூலங்களாக அறிவிக்கப்பட்டவை. ரவி வர்மா, ரவீந்திரநாத், அவனீந்திரநாத், ககனேந்திரநாத், அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், சைலோஸ் முகர்ஜி, நிக்கோலஸ் ரோரிக் ஆகியோரும் அந்த ஒன்பதில் அடங்குவர். இவற்றை இந்தியாவுக்குள் விற்கலாம், வாங்கலாம். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் ‘இங்கே நல்ல விலை கிடைக்கும், கூரியரில் அனுப்பு’ என்று சொன்னால் கேட்டுவிடாதீர்கள், அது குற்றம். வாங்குவோர் வட்டம் நாட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் விலையும் அதற்கேற்பவே அமையும் என்பதை மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொல்பொருள்களை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் தேவை. உங்கள் வீட்டுக்கு வந்த வியாபாரியிடம் அது இருக்கிறதா என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். பதிவு செய்ய வேண்டுமா என்ற ஐயத்தை இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கடிதம் உங்களுடையது என்பதால் அதிலுள்ள எழுத்தை வெளியிடும் உரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. காப்புரிமை எழுதியவரிடமும் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளிடமும் இருக்கிறது. ஆசிரியர் வாழ்நாளில் வெளிவராத எழுத்துக்கு, முதன்முதலாக வெளியிட்ட காலத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. எனவே பணிக்கர் கடிதங்களை முழுமையாகப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். இதில் வியாபார நஷ்டமும் உண்டு: ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட செய்திக்கு ஆய்வாளர் தனியாக விலை கொடுக்க மாட்டார்.

வரி பற்றி ஒரு வரி: சொந்த உபயோகப் பொருள் என்று சொல்லி ஓவியங்களை மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்க முடியாது. காளை அட்டை ஓவியமா கடிதமா என்ற கேள்வி அங்கேயும் வரும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி:

எல்லோரும் விலையையே பேசுவதால் சற்று மாறுபடுகிறேன். நந்தலால் அட்டையை விட்டுவிடுங்கள், அதற்குச் சந்தை உண்டு. சென்னைப் பள்ளி ஓவியர்களின் கடிதங்களுக்கு இங்கே எத்தனை சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்? ஓவியம் வாங்குகிறவர்களே குறைவு, கடிதம் வாங்குகிறவர்கள் அதிலும் குறைவு. ஏலத்தில் விடாமல் போட்டி போட இரண்டு பேராவது வேண்டும்; ஒருவர் மட்டும் இருந்தால் குறைந்தபட்ச விலையிலேயே சுத்தியல் விழுந்துவிடும். அந்த நண்பர்களின் கடிதங்களோ, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை டிராயிங் மாஸ்டர்கள் என்ன சம்பளத்தில், என்ன வண்ணங்களை எங்கே வாங்கி, யாரைப் பற்றி என்ன பேசிக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத பதிவு. ஆகவே முழுக்கட்டையும் ஒரு நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுப்பதே முறை என்பேன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பரோடா ஓவியர்களின் தாள்களை மின்னாக்கம் செய்த ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

தாளும்மையும்:

சந்தை சிறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுப்பதற்கும் மதிப்பீடு வேண்டும் என்பதே என் கட்சி. என்ன கொடுத்தோம் என்ற பட்டியல் இல்லாமல் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், நாளை அது எங்கே போயிற்று என்று கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. அதோடு, மின்னாக்கத்துக்குக் கொடுப்பதும் மூலத்தைக் கொடுப்பதும் ஒன்றல்ல. மூலத்தைக் குடும்பம் வைத்துக்கொண்டு, ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொள்ள ஒரு காப்பகத்தை அனுமதிக்க முடிந்தால் ஆய்வாளருக்கும் பயன், பிற்பாடு விற்க நேர்ந்தாலும் இந்தக் கட்டு இன்னார் வீட்டில் இருந்தது என்பதற்கு ஒரு பதிவும் ஆயிற்று.

காவேரிக்கரை:

கடைசியாக ஒரு கேள்வி. ஏல நிறுவனங்கள் இணையத்தில் வெளியிடும் விலைகளை வைத்து நானே தோராயமாகக் கணக்கிடலாமா? இந்தக் கட்டைப் பிரித்து விற்பது, சேர்த்து விற்பது இரண்டில் எது நல்லது?

தாளும்மையும்:

கணக்கிடலாம், ஆனால் ஏலத்துக்கு முன் அச்சிடும் ‘எதிர்பார்க்கும் விலை’யை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். அந்த விலையில் வாங்குபவர் நிறுவனத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பிரீமியமும் பல வேளைகளில் சேர்ந்தே இருக்கும். அதைக் கழித்து, விற்பவரிடம் பிடிக்கும் கமிஷனையும் கழித்தால்தான் உங்கள் கைக்கு வருவது தெரியும். ஒரே ஓவியரின் ஒரே வகைப் பொருளோடு ஒப்பிடுங்கள். பணிக்கர் ஓவியத்தின் விலையிலிருந்து பணிக்கர் கடிதத்தின் விலையை ஊகிக்க முடியாது. காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு, ஏலத்தில் கிடைக்கக்கூடிய மதிப்பு, கடைக்காரர் உடனே எண்ணி வைக்கும் ரொக்கம் ஆகிய மூன்றும் மூன்று தொகைகள். மதிப்பீட்டாளரிடம் போகும்போது எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பிட்டவரே வாங்கவும் முன்வந்தால் அந்த மதிப்பீட்டை ஏற்காதீர்கள்.

பிரிப்பதா சேர்ப்பதா என்பதற்கு இப்போதைக்கு என் பதில்: காளை அட்டை, அதோடு 1943, 1944 ஆண்டுகளில் சாந்திநிகேதனைக் குறிப்பிடும் நண்பர் கடிதங்கள் ஏதேனும் இருந்தால் அவையும் ஒரு தொகுப்பு. பணிக்கர் கடிதங்கள் முழுவதும் உறைகளோடு மற்றொரு தொகுப்பு. அவற்றுள் ஒன்றையும் உருவக் கூடாது. குடம் சுமக்கும் பெண் அட்டையை எதனோடும் சேர்க்காதீர்கள். ஐயத்துக்குரிய ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்தால் வாங்க வருகிறவர் காளையையும் ஐயத்தோடுதான் பார்ப்பார். முதலில் அந்த இரண்டு வங்க வரிகளின் பொருளைத் தெரிந்துகொண்டு இங்கே எழுதுங்கள். அதில் உங்கள் தாத்தாவின் பெயரோ ஊரோ வருமானால், கருத்துக் கேட்க யாருக்கு எழுதலாம் என்பதை அதன்பின் பேசுவோம்.